குப்பையில் வைத்திருந்தவை

கம்பெனி மெயிலையெல்லாம் புதிய சர்வருக்கு மாற்றுவதற்கு முன், ஒத்திகைக்கு ரேணுகா தேர்ந்தெடுத்தது லோகநாயகியின் மெயில்பெட்டியை. தரப் பிரிவில் பழைய ஆள். எதைக் கொடுத்தாலும் சத்தம் போட மாட்டார் என்று ரேணுகா நினைத்திருந்தாள்.

புதிய மெயிலைத் திறந்து பார்த்த லோகநாயகி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

“இன்னாம்மா இது, ஊடு காலியா கீது?”

“எல்லாம் வந்திருக்குக்கா. வந்தது, அனுப்பினது, எல்லாமே.”

“அதுல இன்னா கீது? கல்யாணப் பத்திரிகையும் லீவு லெட்டரும். என் டெஸ்ட் ரிப்போர்ட்டுலாம் எங்க?”

“எதுல வச்சிருந்தீங்க?”

“குப்பத்தொட்டில.”

ரேணுகா சிரித்துவிட்டாள். லோகநாயகி சிரிக்கவில்லை.

“ஏகாம்பரம் சார்தான் சொன்னாரு. பொட்டி ரொம்பிச்சினா மெயிலு வராது, குப்பைல போட்டு வை, அது கணக்குல சேராதுன்னாரு. அன்னிலேந்து அங்கதான். நான் மட்டுமா? போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தாள். கொள்முதலில் அப்பாவு, கணக்கில் ஷர்மிளா, லாரியில் சரக்கு ஏற்றி அனுப்புகிறவர்கள். மண்ணூர்பேட்டையில், லாரிகளின் அடியில் பாரம் தாங்கும் வில்பட்டை செய்யும் அந்தக் கம்பெனியே, அழித்த மெயில் போய் விழும் குப்பைத்தொட்டியில்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பழைய சர்வரில் பெட்டிக்கு அளவு உண்டு, குப்பைக்கு இல்லை. புதிய மெயிலில் குப்பை ஒரு மாதத்தில் தானாக அழிந்துவிடும். அதற்கு முன்பே, மெயிலை இங்கிருந்து அங்கே கொண்டுபோகும் மென்பொருள் குப்பையைத் தொடவே தொடாது. ஞாயிற்றுக்கிழமை மாற்றம். அன்றோடு பழைய சர்வர் அணைந்துவிடும். இந்தத் திட்டத்தைப் போட்டவள், கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ரேணுகா.

முதலாளி கோவிந்தன் திட்டத்துக்குத் தலையாட்டியபோது ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்.

“பாரும்மா, ஒரு மெயிலு போச்சு, நீயும் போ.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்டோர்ஸில் இருந்த ஒருவரை அப்படித்தான் அனுப்பினார்.

ரேணுகா ராஜபாளையத்திலிருந்து வந்தவள். முன்பு வேலை பார்த்த கம்பெனியை ஒரு நாள் காலையில் பூட்டிவிட்டார்கள். அதன்பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல், பட்டாபிராம் ஃபிளாட்டின் பால்கனியில் நின்று, சென்ட்ரல் வண்டிக்கு ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் எழில் அந்த நாட்களில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருந்தது. இப்போது ஓடுகிறவர்களில் அவளும் ஒருத்தி. மறுபடி அந்தப் பால்கனியில் நிற்க அவளால் முடியாது.

அவளுக்கு முன் அந்த வேலையைப் பார்த்து, ஓய்வுபெற்று அயனம்பாக்கத்தில் இருக்கும் ஏகாம்பரத்துக்கு போன் செய்தாள்.

“நானா சொன்னேன்? இருக்காதேம்மா. குப்பைல போய் யாருனா வெப்பாங்களா?”

கோவிந்தனிடம் போனாள்.

“சார், ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாம்.”

“கஸ்டமர் அல்லாருக்கும் சொல்லியாச்சு. இன்னாத்துக்குத் தள்ளணும்?”

“குப்பையை எடுக்கணும் சார்.”

“புது ஊட்டுக்குப் போறவன் குப்பக்கூடையத் தலைல வெச்சுகினா போவான்? போம்மா, போய் வேலையப் பாரு.”

மேசை மேசையாகப் போனாள். வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னாள். அவளைக் கண்டதும் அப்பாவு விசிலடித்தார்.

“மச்சான், குப்ப வண்டி வந்துச்சு பாரு! மேடம், மக்குற குப்பையா, மக்காத குப்பையா? எந்த டப்பாவுல போடணும்?”

அறையே சிரித்தது. ஷர்மிளா மட்டும் உட்கார்ந்து எடுத்தாள். மத்தியானத்துக்குள் அவள் பெட்டி நிரம்பி, வங்கியிலிருந்து வரவேண்டிய மெயில் வங்கிக்கே திரும்பிப் போனது. எடுத்ததையெல்லாம் மறுபடி குப்பையில் கொட்டிவிட்டு, ரேணுகாவின் முகத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தாள்.

வெளியே எடுத்தால் பெட்டி நிரம்பி, வருகிற மெயில் திரும்பும். எடுக்காவிட்டால் பழையது போகும். ஞாயிறு ஒரு நாளில் எடுத்து ஏற்றி முடிக்க இந்த இணைப்புக்கு வேகம் போதாது. வெள்ளிக்கிழமையே தொடங்க வேண்டும். வெள்ளியும் சனியும் கம்பெனி ஓடும் நாட்கள். எந்த வழியில் போனாலும் மெயில் போகும். மெயில் போனால் அவளும்.

“அந்த ரிப்போர்ட் பேப்பர்ல இல்லையாக்கா?” என்று லோகநாயகியிடம் கேட்டாள்.

“பேப்பரு வெள்ளத்துல அழுகிப்போச்சி. நாளைக்கு எங்கனா பட்டை உடைஞ்சி லாரி கவுந்துச்சுனு வையி, யாரு பார்த்து அனுப்புனதுன்னு கேப்பான். பார்த்தது நான். இன்னாத்தக் காட்டுவேன்?”

திரும்பிப் போன மெயிலை அனுப்பியவன் இன்னொரு முறை அனுப்பலாம். லோகநாயகியின் ரிப்போர்ட்டுகளை இன்னொரு முறை அனுப்ப யார் இருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்ததும், யாரிடமும் கேட்காமல் ரேணுகா எல்லோருடைய குப்பையையும் வெளியே எடுத்தாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக நிரம்பித் திரையில் சிவந்தன. புதிய மெயிலுக்கு ஏற்றத் தொடங்கினாள்.

“இன்னா மேடம், பொட்டி ரொம்பிச்சுன்னு காட்டுது?” அப்பாவு அங்கிருந்து கத்தினார். “குப்ப காலியா கீது?”

“ஆமாண்ணே.”

இந்த முறை அவர் விசிலடிக்கவில்லை.

கண்ணாடி அறைக்குள் கோவிந்தனின் போன் அடித்தது. வைத்ததும் மறுபடி அடித்தது. அனுப்பிய மெயில் திரும்பி வந்த கஸ்டமர்கள். பேசிக்கொண்டே அவர் அவள் பக்கம் திரும்பினார்.

ஷிப்ட் முடிந்த லோகநாயகி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“வரட்டாம்மா? திங்கக்கெழம வந்து பாக்கறேன். இருக்கும்ல?”

“இருக்கும்க்கா.”

“நீ ஏன் ஒரு மாரி கீற?”

“ஒண்ணுமில்ல. நீங்க பஸ்ஸைப் பிடிங்க.”

கண்ணாடிக் கதவு திறந்தது. “ரேணுகா! இங்க வா.”

திரையில் ஏறிய அளவைக் காட்டும் பச்சைக் கோடு கால்வாசி வந்திருந்தது. முதலில் இதை நிறுத்தச் சொல்வார், பிறகுதான் மற்றது. அவள் எழுந்தாள். எழுந்தவள் குனிந்து திரையைப் பூட்டினாள்; உள்ளே மெயில் ஏறிக்கொண்டே இருக்கும். அதன் பாஸ்வேர்டு அந்தக் கம்பெனியில் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கண்ணாடி அறையை நோக்கி நடந்தாள்.