நாக்கு கேட்டேன், முழு உருவம் கொடுத்தாள்

சேவூர் சாலையில் டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. என் பேத்தி தேன்மொழி நடுச்சாலையில் நின்றாள். ஆறு வயது. கூப்பிட்டேன். திரும்பவில்லை. கண்கள் திறந்திருந்தன, அவற்றில் பார்வை இல்லை. பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது.

"இன்னா சார், கொழந்தைய ரோட்டுல வுட்டுட்டு வேடிக்க பாத்துகினு கீற?" என்றார் டிரைவர். நான் ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக வந்தேன்.

தேன்மொழிக்கு 'அம்மா'வும் இன்னும் நான்கைந்து சொற்களும்தான் வரும். அந்தப் பெயரை வைத்தவன் நான். கடுமையான மொழிக் குறைபாடு என்று சான்று வாங்கியவனும் நான்தான். எந்தப் படிவம், எந்த மேசை, எந்தக் கிழமை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. 'வேறு உடல்நலக் குறைகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று என் கையால் எழுதினேன். ஏதாவது எழுதினால் அதற்கும் ஒரு சான்று கேட்பார்கள். கேட்டவன்தானே நானும்.

என் மகள் கவிதா வீட்டில் பட்டு நெய்கிறாள். தறியில் இருந்தபடியே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, அவ திடீர்னு அப்டியே நின்னுடறா. காத வேற அடிச்சிக்கிறா."

"பேச்சு வராத குழந்தை. அப்படித்தான் இருக்கும்."

"எல்லாத்துக்கும் அதையே சொல்லிகினு இரு."

பல மனுக்களை ஒரே கோப்பில் கட்டி மூடுவது எனக்குக் கைவந்த வேலை.

பஸ் நின்ற நாளிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் தறிக்கும் நடந்தேன். பேத்தி கண்ணில் படாவிட்டால் தெருவுக்கு ஓடினேன். ஆடி வெள்ளியன்று அம்மன் கோயிலுக்குப் போனேன். தைக்குள் பேத்தி பேச வேண்டும் என்று கெடு வைத்து, வேண்டுதலை மனதில் மனுவாகவே எழுதி வைத்திருந்தேன். கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் கண், கை, கால் விற்கும் அம்மாளிடம் நாக்கு கேட்டேன். எந்த உறுப்பில் குறையோ அதைச் செலுத்துவது முறை. முறை எனக்குத் தெரியாதா?

"யாருக்கு சார்?"

"பேத்திக்கு. பேச்சு வரல."

முழுக் குழந்தை உருவம் இரண்டை எடுத்து நீட்டினாள்.

"நாக்குதாம்மா கேட்டேன்."

"பேசாத கொழந்தைக்கு எங்க வலிக்குதுன்னு உனக்கு எப்டி சார் தெரியும்? முழுசா வாங்கிகினு போ. ஒண்ணு இப்போ போடு, ஒண்ணு நல்லானதும் போடு. ஜல்தி, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

சன்னதியில் என் மனு மறந்துபோனது. அழுதேன். "தாயே, நான் எதைப் பார்க்காமல் விட்டேன்? காட்டு" என்று மட்டும் கேட்டேன். ஒரு உருவத்தைச் செலுத்திவிட்டு வந்தேன்.

அடுத்த மூன்று நாள் நோட்டுப் புத்தகத்தோடு பேத்தி பின்னாலேயே நடந்தேன். உச்சி முதல் பாதம் வரை எழுதினேன். சாப்பிடும்போதே கை அந்தரத்தில் நின்றது, இமை துடித்தது, சில நொடியில் மீண்டும் சோறு. ஒரே நாளில் ஒன்பது முறை. இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. வாயைத் திறந்தபடி தூங்கினாள். சமதரையிலும் தடுக்கினாள். எல்லாம் என் கண் முன்னால்தான் இத்தனை நாளும் நடந்திருக்கிறது.

வேலூரில் மருத்துவர் அந்த நோட்டை இரண்டு முறை படித்தார். தலையில் ஒயர்களை ஒட்டிச் சோதித்தார்கள். கை கால் இழுக்காத ஒரு வகை வலிப்பு. இடது செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது.

"பேச்சுக் குறை கடுமையா இருக்கற கொழந்தைங்களுக்கு இதெல்லாம் கூடவே வரலாம் சார். ஒவ்வொண்ணையும் தனியா பாக்கணும்" என்றார்.

மருந்து தொடங்கினோம். காதுக்கும் சிகிச்சை நடந்தது. இப்போது அவள் நடுவழியில் உறைந்து நிற்பதில்லை. கூப்பிட்டால் திரும்புகிறாள். பேச்சுப் பயிற்சி தொடர்கிறது; புதிதாகச் சில சொற்கள். தை வந்து போய்விட்டது. நான் கேட்டது கிடைக்கவில்லை. கேட்கத் தெரியாதது கிடைத்தது.

போன வாரம் அழுதுகொண்டே வந்தாள். என் கையைப் பிடித்துப் பூஜை அலமாரிக்கு இழுத்துப் போனாள். மிச்சமிருந்த வெள்ளி உருவத்தை எடுத்து, அதன் வயிற்றில் விரலை வைத்தாள். பிறகு தன் வயிற்றில் வைத்தாள்.

ஆறு வருடத்தில் முதல் முறையாக, எங்கே வலிக்கிறது என்று என் பேத்தி எனக்குச் சொன்னாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால் அம்மனை நம்பிப் போங்கள். நாக்கை மட்டும் கொண்டு போகாதீர்கள். முழுக் குழந்தையையும் அவள் முன் வையுங்கள். மருத்துவரிடமும் அப்படியே.

இரண்டாவது உருவத்தை நான் இன்னும் செலுத்தவில்லை. கெடு தாண்டிவிட்டது. தாய் நோட்டீஸ் அனுப்பவில்லை. அந்த உருவம் இப்போது யார் கையில் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.