வியார்டின் கருப்புத் திரை

பதினாறு வருஷமாக எனக்கு வியார்ட் ஊபன் மேல் ஒரு மனத்தாங்கல். போன நவம்பரில் அவன் செத்துப்போனான். மனத்தாங்கல் இன்னும் போகவில்லை.

எங்கள் லேர் நகரத்தில் மூன்று பேர் கூடினால் சங்கம். சங்கம் என்றால் கூட்டக் குறிப்பு. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிற எங்கள் கம்ப்யூட்டர் சங்கத்தின் குறிப்பேட்டில் 2009 மார்ச் பக்கத்தை யாரும் எடுத்துப் பார்க்கலாம்: "உறுப்பினர் ஹாப்போ தன் கம்ப்யூட்டரிலிருந்து சீட்டாட்டத்தை நீக்கினார். டெஸ்க்டாப் முழுவதும் உடன் நீங்கியது. சிரிப்பு." அந்தக் கடைசிச் சொல்லை எழுதியே ஆக வேண்டும் என்று நின்றவன் வியார்ட்.

அந்த ஹாப்போ நான்தான், லாரி ஓட்டுபவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எனக்குக் கம்ப்யூட்டரில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பென் டிரைவைச் செருகினால் அதுவாகத் திறக்க வேண்டும், பேட்டரி தீர்ந்தால் அதுவாகச் சொல்ல வேண்டும். பெரிய டெஸ்க்டாப் என்று நாங்கள் சொல்லும் முழுத் திரைத் தொகுப்பில் இதெல்லாம் ஒன்றோடொன்று கோத்தே வரும். கோத்து வருவதால்தான் சீட்டாட்டத்தை உருவியபோது மொத்தமும் கழன்றது. "இவையும் நீங்கும், சம்மதமா?" என்று ஒரு நீளப் பட்டியலைக் காட்டியது. படிக்காமல் சம்மதம் என்றேன். இந்தத் தப்பைச் செய்யாதவன் எங்கள் சங்கத்தில் கிடையாது. அதை எழுந்து நின்று சொன்ன மடையன் நான் மட்டும்தான்.

"ஒரு ஆணியப் புடுங்கினா வீடே சரியுதுன்னா, அதுக்குள்ள எப்படிய்யா தூங்குற?" என்று கேட்டான் வியார்ட். அறையே சிரித்தது.

அவன் அப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. மழைத்தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப் நின்றால் மாடுகள் நீந்த வேண்டியதுதான். வியார்ட் அந்தப் பம்ப் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்தான். நான்கு பம்ப், நான்கு மோட்டார், நான்கு சுவிட்ச். அதையெல்லாம் ஒரே கட்டுப்பாட்டுப் பலகையில் சேர்க்க ஒரு கம்பெனி ஆட்கள் வந்தபோது, சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் என் சுவிட்சுகளில் கை வைக்காதீர்கள் என்று வாசலில் நின்றான். "ஒண்ணு கெட்டா அது மட்டும்தான் கெடணும்" என்பான். அதைத் தவிர வேறு கொள்கை எதையும் அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

அவன் லேப்டாப்பும் அப்படித்தான். திறந்தால் வெறும் கருப்பு. கடிகாரம் இல்லை, படம் இல்லை, பட்டன் இல்லை. மெயிலுக்கு ஒரு சின்ன புரோகிராம், பாட்டுக்கு ஒன்று, படம் பார்க்க ஒன்று. ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. அரதப் பழசு. ஆனாலும் நான் டீயில் கற்கண்டைப் போட்டு நிமிர்வதற்குள் தயாராக நிற்கும்.

ஒருமுறை சங்கத்தில் அவன் சிக்கனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அது பொசுக்கென்று அணைந்துபோனது. பேட்டரி காலி.

"உன்கிட்ட யாரும் சொல்லலையா வியார்ட்?" என்றேன்.

"சொல்றதுக்குன்னு ஒரு ஆள வச்சா, அவனுக்கும் சோறு போடணும்."

அன்றைக்குக் குறிப்பு எழுதியவன் அவனே. அந்தப் பக்கத்தில் சிரிப்பு இல்லை.

பம்ப் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஊரார் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர்களைச் சேகரித்துத் தன் சின்னப் புரோகிராம்களைப் போட்டு, வேண்டியவர்களுக்குக் கொடுத்தான். நாற்பத்தோரு பேர். ஒவ்வொருவருக்கும் எந்த விசையைத் தட்டினால் என்ன வரும் என்று அரைத்தாளில் கையால் எழுதித் தருவான். அவர்கள் மெயிலில் கேட்டதற்கெல்லாம் காலையில் பதில் போடுவான். பதில் போதாவிட்டால் மழையானாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவான். நான் யாருக்கும் ஒரு கம்ப்யூட்டரும் கொடுத்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் மூன்று வாரமாக அவன் யாருக்கும் பதில் போடவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தது அவன் மனைவி ஓக்கா.

"வா ஹாப்போ. யார்கிட்டயும் பேச மாட்டேங்கறான். உன்கிட்ட சண்டையாவது போடுவான்."

லேப்டாப்பில் மூக்கு இடிக்க உட்கார்ந்திருந்தான். கையில் தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடி.

"கண்ணு நடுவுல கறை மாதிரி" என்றான், திரும்பாமல். "ஓரமெல்லாம் தெரியுது. எதப் பாக்கணுமோ அது தெரியல. இது திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டான்."

"எழுத்தப் பெருசாக்க வேண்டியதுதானே?"

"ஆக்கினேன். மெயில்ல ஒரு இடத்துல, பிரவுசர்ல வேற இடத்துல, எழுதுறதுல இன்னொரு இடத்துல. எங்க மாத்தணும்னு படிக்கிறதுக்கே கண்ணு வேணுமே."

"படிச்சுக் காட்டுற குரல்?"

"தனியா ஒண்ணு போட்டேன். மெயில படிக்குது. பிரவுசர்கிட்ட வாயே திறக்க மாட்டேங்குது. ரெண்டும் அறிமுகமே இல்லாத ஆளுங்க."

பதினேழு மெயில்கள் பதிலில்லாமல் கிடப்பதாக ஓக்கா ஒரு சீட்டில் குறித்து மேஜையில் வைத்திருந்தாள். அவள் படித்துச் சொல்கிறேன் என்றாளாம், அவன் ஒப்பவில்லை. மற்றவர்களின் கஷ்டம் தன்னை நம்பி எழுதியது, அதை இன்னொருவர் காதில் போடக் கூடாது என்றானாம். இந்த வேலையும் கையை விட்டுப் போனால் அவனுக்கு எழுந்திருக்கக் காரணம் இல்லை என்பது அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. பதினாலு வருஷம் காத்திருந்த வாய்.

"சொல்லித் தொலை" என்றான்.

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஓரமாத்தான் உக்காந்திருக்க. உன் இளிப்பு நல்லாவே தெரியுது."

டீ வந்தது. முதல் கோப்பையைக் குடித்தான், இரண்டாவதையும் குடித்தான். மூன்றாவதைக் குடித்துவிட்டு, போதும் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தான்.

"உன்னோடதப் போடு" என்றான்.

மறுநாள் அந்த லேப்டாப்பில் மெமரியைக் கூட்டி, பெரிய டெஸ்க்டாப்பை ஏற்றினேன். அது எழுந்து வருவதற்குள் அவன் "ஒம்போது, பத்து, பதினொண்ணு" என்று உரக்க எண்ணினான். பிறகு ஒரே தட்டல், மெயில், பிரவுசர், கடிதம் எல்லாம் ஒன்றாகப் பெரிதாயின. இன்னொரு தட்டல், பெண்குரல் ஒன்று எதைத் திறந்தாலும் படித்தது.

"இந்தம்மா கமாவக்கூட விடமாட்டாளா?"

"நீ விட்டிருக்கியா?"

அவன் சிரித்தான். அன்றைக்கு மூன்று பதில் போனது. வாரக் கடைசிக்குள் பதினேழும் போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் யாரும் கேட்காமலே எழுந்து நின்றான். "என் கண்ணு நல்லா இருந்த வரைக்கும் நான் சொன்னது எனக்குச் சரி. அது எல்லாருக்கும் சரின்னு நினைச்சது தப்பு. ஹாப்போவோடது ஒண்ணோட ஒண்ணு பேசுது. எனக்கு இப்ப அதுதான் வேணும்" என்றான். முப்பது வருஷம் ஒரே பக்கம் நின்றவன் அத்தனை பேர் முன்னால் இதைச் சொல்வது லேசான காரியமில்லை. நானாக இருந்தால் உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்திருப்பேன்.

அப்புறம் இரண்டு வருஷம் அந்தக் குரலோடு சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்த்தான். போன நவம்பரில் இதயம் அவனைப் படுக்கையில் தள்ளியது. நான் போனபோது நாற்பத்தோரு பேர் பட்டியலை என் கையில் கொடுக்கும்படி ஓக்காவிடம் சொன்னான்.

"இதுல அறுபது தாண்டினவங்க பதினெட்டுப் பேர். கண்ணு தெரியலன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நான் சொன்னேனா? நீயா போ. உக்கார வச்சு, அவங்க திரையில ஒரு வரி படிக்கச் சொல்லு. தடுமாறினா உன்னோடதப் போடு. தடுமாறலேன்னா என்னோடதுல கை வைக்காத."