உப்பளத்துச் சிவப்பு

லாரியில் உப்பு ஏற்றி முடித்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்தது. அதன் முனையில் இருந்த இரும்புக் கொக்கி என் இடது கண்ணில் அடித்தது. பாண்டிச்சேரி டாக்டர்கள் பார்த்துவிட்டு, பார்வை திரும்பாது, கண்ணையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மரக்காணத்தில் உப்பள வேலைக்குப் போகிறவனுக்கு உடம்பில் ஏதாவது ஒன்று போய்க்கொண்டேதான் இருக்கும். எனக்குக் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.

ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. கட்டுப் பிரித்ததிலிருந்து என் மனைவி என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சோறு போட்டாள், மாத்திரை எடுத்துத் தந்தாள், பேச்செல்லாம் என் தோளோடுதான். கூலிங் கிளாஸ் மாட்டிப் பார்த்தேன். அப்போதும் தோள்தான். தோளுக்குக் காது முளைத்திருக்கிறதா என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள். அருவருப்பு என்றே முடிவு கட்டினேன். அது என்னை அறுத்தது.

புண் ஆறியதும் செயற்கைக் கண் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இவள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சரி என்றேன்.

கண் செய்யும் பெண் முதலில் ஒரு தட்டைக் காட்டினாள். வரிசையாகக் கண்கள். எல்லாம் பளிச்சென்று வெயிலே படாதவை. ஒன்றைப் பொருத்திக் கண்ணாடியை நீட்டினாள். இடது பக்கம் ஏசி ரூம் மேனேஜர், வலது பக்கம் நான். வேண்டாம் என்றேன். அப்படியானால் வலது கண்ணைப் பார்த்து அதே மாதிரி வரைந்து தருவதாகச் சொன்னாள். ஆனால் அது இப்படிச் சிவந்திருக்கிறதே, சிவப்பு தணிந்ததும் வாருங்கள், நிறம் பார்க்கலாம் என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இது நோய் இல்லை, நாள் முழுக்க வெள்ளை உப்பையும் வெயிலையும் பார்த்தால் இந்தக் கண்தான் இருக்கும், இப்படியே வரையுங்கள் என்றேன். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கூட வந்திருந்த என் மனைவியைக் கேட்டாள்.

"அவரு இஷ்டம்ங்க," என்றாள் இவள், தட்டைப் பார்த்தபடி.

அந்தப் பெண் சிவப்பு நூலை இழை இழையாகப் பிரித்து, வெள்ளையின் மேல் நரம்பாக ஒட்டினாள். மஞ்சளும் கொஞ்சம் தீற்றினாள். கண்ணாடியில் பார்த்தபோது இரண்டு கண்ணும் என்னுடையவை. உப்பளத்தில் மேஸ்திரிக்கே எது எது என்று தெரியவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் பந்தயம் கட்டித் தோற்றார்கள். இவள் மட்டும் தோளை விடவில்லை. இவ்வளவு செய்தும் இப்படியா என்று அழுகை வந்தது. கோபம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. உப்புப் பாத்திகள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. வேலை இல்லை, வீட்டில்தான் இருந்தேன். ஒரு மதியம் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டியை எடுத்துத் தரச் சொல்லி நிமிர்ந்தவள், சட்டியை மறந்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள்.

"ஒரு கண்ணு லீவுல இருக்குது. இன்னொண்ணு மட்டும் இன்னும் வேலைக்குப் போயிட்டு வருது."

கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். வெயில் இல்லாத நாட்களில் வலது கண் வெளுத்துப் போயிருந்தது. இடது கண்ணில் சித்திரை வெயில் அப்படியே கொளுத்திக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் என் கண் எப்படி இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும், இத்தனை மாதம் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"நான் பாத்தா நீ தலைய குனிஞ்சிக்கிற. உனக்குக் கஷ்டமா இருக்குதுன்னு பாக்கல. இன்னிக்குதான் நீ குனியல," என்றாள். சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போனாள்.

வேறு கண் செய்து தருவார்களா என்று நான் கேட்கப் போகவில்லை. மழை விட்டு, பாத்தி திருத்தி, வெயில் ஏறினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதுவரை காலையில் டீயைக் கொடுத்துவிட்டு, என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறாள். நான் குனிவதில்லை.