பத்தாம் ரீலும் பதினொன்றாம் ரீலும்

தியேட்டர் ஆபரேட்டர் எவனும் ஒரு படத்தை ஒழுங்காக உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டான். ஆனால் படத்தில் எது கோளாறானாலும் ஊர் திரும்பிப் பார்த்து அவனைத்தான் ஏசும். புரொஜெக்டர் சூட்டில் வெந்தவர்கள், டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் தேய்ந்தவர்கள், எட்டாவது தடவை பார்க்கிறவன் பக்கத்தில் மாட்டிக்கொண்டு வசனத்தையெல்லாம் முன்கூட்டியே கேட்டு நொந்தவர்கள், நீங்க எல்லாரும் நம்ம கூட்டம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

'உப்பு ராஜ்யம்' மூன்று பாகம். தூத்துக்குடி உப்பளத்தில் மூட்டை தூக்கிய ஞானதுரை, துறைமுகத்தையே ஆட்டிவைக்கிற தாதாவாக ஆகிற கதை. தென்காசியில் எங்க தியேட்டரில் ஒவ்வொரு குற்றால சீசனுக்கும் மூன்றையும் மறுபடி போடுவோம். குளிக்க வந்தவர்களை விட உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். அதில் ரெண்டாம் பாகத்தில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அதை முப்பது வருஷமாக வெளியே சொல்லவில்லை. இந்த சீசனில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அழிந்துபோன நம்பர்

அப்போதெல்லாம் ஒரே பிரிண்ட், ரெண்டு தியேட்டர். செங்கோட்டையில் படத்தை முக்கால் மணி நேரம் முன்னால் ஆரம்பிப்பார்கள். ஓடி முடிந்த ரீலை இசக்கி என்கிறவர் மொபட்டில் வைத்து எங்களிடம் கொண்டு வருவார். டப்பா மூடியில் சாக்பீஸால் நம்பர் எழுதியிருக்கும். ரெண்டாம் பாகம் வெளியான அன்றைக்குச் சரியான சாரல். இடைவேளை தாண்டிப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. இசக்கி தொப்பலாக நனைந்து வந்து ரெண்டு டப்பாவை வைத்தார். மூடியில் நம்பர் சுத்தமாக இல்லை. "எதுவே முதல்ல?" என்றேன். "ரெண்டும் ஒரே கனம்தான்" என்றார் அந்த மகராசன். பிலிம் முனையைப் பிரித்துப் பார்த்திருந்தால் நம்பர் தெரிந்திருக்கும். ஆனால் கீழே விசில் பறக்கிறது, ஓடுகிற ரீலும் முடியப்போகிறது. மேலே இருந்ததை எடுத்து மாட்டிவிட்டேன்.

பத்தாம் ரீலில் ஞானதுரை மகளின் கல்யாணப் பந்தி. பதினொன்றில் அவருடைய தம்பி செல்வத்தை உப்பளத்தில் வெட்டிச் சாய்க்கிறார்கள். நான் முதலில் தம்பியைச் சாகடித்துவிட்டு, அதற்கப்புறம் பந்தியில் கொண்டு வந்து உட்கார வைத்தேன். பந்தியில் ஞானதுரை தன் கையாலேயே தம்பி இலையில் பாயசம் ஊற்றுவார். தம்பி அண்ணன் மேல் கோபத்தில் இருக்கிறவன். பேசவும் மாட்டான், இலையைத் தொடவும் மாட்டான். எங்க ஜனங்களுக்கு அது கோபமாகவே தெரியவில்லை. செத்துப்போன தம்பி அண்ணன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். தியேட்டரே தேம்பித் தேம்பி அழுதது. படம் விட்டதும் முதலாளி படியேறி வந்தார். தொலைந்தோம், இன்றோடு வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் என் தோளைத் தட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படம்னா இதுல்லாவே படம், கணபதி!" என்றார்.

திருத்தப் பார்த்தேன்

நான் யோக்கியன். அடுத்த காட்சிக்கு ரெண்டு ரீலையும் சரியாகத்தான் மாட்டினேன். முதல் காட்சி பார்த்தவர்களில் பாதிப் பேர் அழுகை அடங்காமல் மறுபடி டிக்கெட் எடுத்து உள்ளே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. பந்தி வந்ததும் கூச்சல் கிளம்பியது. தம்பி சாகாமல் எப்படிப் பந்திக்கு வரலாம் என்று நாற்காலியை ஆட்டினார்கள். ஒருத்தர் ஆபரேட்டர் அறை வரைக்கும் ஏறி வந்து கதவைத் தட்டினார். மறுநாளிலிருந்து வாயை மூடிக்கொண்டு தப்பாகவே ஓட்டினேன். ஐம்பது நாள் ஓடியது. அதற்கப்புறம் ஒவ்வொரு சீசனுக்கும் அதே பழைய பிரிண்டை அதே வரிசையில்தான் ஓட்டினேன். அன்றைக்குக் கதவைத் தட்டியவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஏலே ஆப்ரேட்டரு, உறங்குதியா? ரீலை ஒழுங்கா மாட்டுலே!"

செங்கோட்டைப் பெண்

எனக்கு வாய்த்தது செங்கோட்டைப் பெண். அந்த ஊரில் படம் சரியாக ஓடியதால் அங்கே பந்தியில் தம்பி உயிரோடுதான் இருப்பான். கல்யாணமான புதிதில் ஒரு சீசனுக்கு அவளை எங்க தியேட்டருக்கே கூட்டிப்போனேன். பந்தி வந்தது. சுற்றி எல்லாரும் மூக்கை உறிஞ்சுகிறார்கள், இவள் மட்டும் திருதிருவென்று முழிக்கிறாள். அழவில்லை என்று பக்கத்து சீட்டு அம்மா இவளைக் கல்நெஞ்சுக்காரி மாதிரி பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேள்வி மேல் கேள்வி. போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள். பத்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் என்ன சண்டை வந்தாலும், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று நான் வாயெடுத்தால்கூட, அவள் முடிக்கிற வாக்கியம் ஒன்றுதான்: "நான் ஏட்டையாட்ட போய் ஒரு வார்த்தை சொன்னா போதும், தெரியும்லா?"

தண்ணீர் ஊற்றியவர்

அந்த ஏட்டையாவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் மைதீன். துபாயில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்து செல்போன் கடை வைத்திருக்கிறார். உப்பு ராஜ்யம் ரசிகர்களுக்குச் செயலாளர் மாதிரி. தியேட்டர் வாசல் டீக்கடையில் மணிக்கணக்கில் படத்தை அலசுவார்கள். டிவியில் இந்தப் படம் வந்தபோது வரிசை வேறாக இருந்ததே என்று ஒருத்தர் கேட்டார். "டிவிக்காரன் விளம்பரத்துக்காக வெட்டி ஒட்டியிருப்பான்" என்று மைதீன் ஒரே போடாகப் போட்டார். இணையத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றால், அது கேரளா பிரிண்டாம்.

ஒரு நாள் எனக்கே ஆபத்தாக ஒரு கேள்வி வந்தது. பந்தியில் பந்தி விசாரிக்கிற ஒருத்தர் தம்பி டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். செத்தவன் அண்ணன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறான் என்றால் இவர் எப்படி ஊற்றினார் என்று ஒரு கல்லூரி வாத்தியார் கேட்டுவிட்டார். மாட்டினோம் என்று நான் கிளாஸை வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன். மைதீன் நிதானமாக ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "சார், அந்தத் தண்ணி ஊத்துனவரு மூணாம் பாகத்துல எங்கயாவது வாராரா? வரமாட்டாரு. சாகப்போறவன் கண்ணுக்குச் செத்தவன் தெரிவாம்லா!"

ஐந்தருவியில் ஒரு விமர்சகர்

போன வருஷம் ஐந்தருவியில் நல்ல தண்ணீர். உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு நானும் மைதீனும் வரிசையில் நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் சென்னைத் தம்பி ஒருத்தர். யூடியூபில் படங்களைப் பற்றிப் பேசுகிறவராம். பேச்சு உப்பு ராஜ்யத்துக்கு வந்தது. பந்திக் காட்சியில் தம்பி முகத்தில் தெரிகிற கோபம் இருக்கிறதே, அதுதான் நடிப்பு என்றார். உயிரோடு இருக்கிற தம்பியின் கோபம்! மைதீன் முகம் சிவந்தது.

விவரம் தெரியாமல் அந்தச் சென்னைத் தம்பி வாதாட ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்களில் நாலு பேர் தென்காசிக்காரர்கள். அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எண்ணெய் வழிய ஆறு பேர் சூழ்ந்து நின்றால் எந்த விமர்சகருக்குத்தான் பேச்சு வரும்? அந்த வரிசையில் உண்மை தெரிந்த ஒரே ஆளான நான் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டேன். அவர் முறை வந்தது. மைதீன் அவர் தோளைப் பிடித்து அன்பாக அருவிக்குள் அனுப்பினார். "தம்பி, தலையில நல்லாத் தண்ணி விழட்டும். தெளிஞ்ச பெறகு பேசுவோம்."

ஏட்டையா போட்ட இலை

இப்போது ஏட்டையா. பெயர் சண்முகவேல், அச்சன்புதூர்க்காரர், ஓய்வு பெற்ற தலைமைக் காவலர். சர்வீஸில் ஒரு பொய்ச் சாட்சிகூட எழுதியதில்லை என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லுவார். அது நிஜமும்கூட. முப்பது வருஷத்தில் அவர் வராத சீசன் கிடையாது. அவருக்கு ஒரே தம்பி, பட்டாளத்தில் இருந்தார். விடுமுறைக்கு வந்தபோது ஏட்டையா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த விஷயத்தில் ரெண்டு பேருக்கும் பேச்சு முற்றிவிட்டது. தம்பி சொல்லிக்கொள்ளாமலே முறைத்துக்கொண்டு ரயில் ஏறினார். போன இடத்தில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனார். கல்யாணத்துக்கு ரெண்டு மாசம்தான் இருந்தது.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். முதல் பந்தியில் ஏட்டையா தன் பக்கத்தில் ஒரு இலை போட்டு, தன் கையாலேயே அதில் பாயசம் ஊற்றினார். மாப்பிள்ளை வீட்டார் வெளியூர், யாருக்கு என்று கேட்டார்கள். எங்க ஊர்க்காரர் ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் படம் பார்த்தவர்கள். அதற்கப்புறம் இந்தப் பக்கத்தில் இன்னும் ரெண்டு மூன்று வீடுகளில் இப்படி இலை போட்டார்கள். ஒரு சாக்பீஸ் நம்பர் அழிந்ததால் வந்த வழக்கம் இது. பந்தி முடிந்து கை கழுவும்போது ஏட்டையா என்னிடம் சொன்னார்: "இப்படியும் தம்பிக்குச் சோறு போடலாம்னு சொல்லித் தந்தது அந்தப் படம்தாம்வே. அந்த சீனை வச்சவன் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிடணும்."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

ஹார்டு டிஸ்க் வந்தது

இந்த சீசனில் கம்பெனியே மூன்று பாகத்தையும் புது மெருகில் வெளியிட்டது. இப்போது ரீலும் இல்லை, இசக்கியும் இல்லை. சின்னப் பெட்டியில் ஹார்டு டிஸ்க் வருகிறது. மவுஸை அமுக்கினால் படம் ஓடும். அது இயக்குநர் எடுத்த வரிசையில்தான் ஓடும். ஏட்டையா காலையிலேயே முதல் ஆளாகத் தொடர்ந்து மூன்று காட்சிக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். தன் தம்பிக்குப் போட்ட இலை என் கைத்தப்பில் முளைத்தது என்று தெரிந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்? ஒரு வாரமாக எனக்கு உறக்கமில்லை. "நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று வீட்டுக்காரி வேறு. இந்தத் தடவை அவள் மிரட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

ரெண்டாம் பாகம் இடைவேளையில் போய் ஏட்டையா பக்கத்தில் உட்கார்ந்தேன். சாரல், இசக்கி, மொபட், ரெண்டு டப்பா, எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் கேட்டார். மணி அடித்தது, நான் மேலே போனேன். பந்தி முதலில் வந்தது. தம்பி அண்ணனை முறைத்துக்கொண்டு இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். தியேட்டர் கொந்தளித்துவிட்டது. படம் விட்டதும் மைதீன் தலைமையில் கூட்டம் என் அறைப் படிக்கட்டில் ஏறியது. அவர்களுக்கு முன்னால் ஏட்டையா ஏறி வந்து குறுக்கே நின்றார். "யாரும் ஏசக்கூடாது. நான் விசாரிச்சுட்டேன். கணபதி மேல ஒரு தப்பும் இல்ல. கம்பெனிக்காரன்தான் மாத்தி ஏத்தி அனுப்பியிருக்கான்." சர்வீஸ் முழுக்கப் பொய்ச் சாட்சி எழுதாத மனுஷன்! கூட்டம் கம்பெனியைத் திட்டிக்கொண்டே இறங்கியது.

ஏட்டையா உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அவர் காலில் விழாத குறை. அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு. "வே, இத்தன வருசமா அந்தப் பந்தியில என் தம்பியச் செத்தவனாவே பாத்துட்டேன். இன்னைக்குத்தான் உசுரோட வந்து, என் மேல உள்ள கோவம் மாறாம உக்காந்திருந்தான். நாளைக்கும் இப்படியே ஓட்டும்வே. ஏசுதவன நான் பாத்துக்கிடுதேன்."

முப்பது வருஷம் தப்பாக ஓட்டியதற்குத் தோளைத் தட்டிய ஊர், சரியாக ஓட்டுகிற இந்த ஒரு வாரமாக என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம் ஏசுகிறது. ஆபரேட்டர் பிழைப்பு அவ்வளவுதான்.