உளுந்துக்குக் காவல் வைத்த கற்கள்

போன பங்குனியில் புவனகிரியிலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் பைக்கில் போகும்போது, டயரில் நசுங்கிய உளுந்துச் செடியின் வாசம் மூக்கில் ஏறியது. கொஞ்சம் தள்ளி ரோட்டில் வரிசையாகக் கற்கள். உளுந்தை அள்ளிக்கொண்டு போனவர்கள் காவலுக்கு வைத்த கல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். பின்னால் இருந்த என் மனைவி, "வண்டிய நிறுத்துங்க" என்றாள். இரண்டு பேரும் இறங்கிக் கற்களை ஓரத்துக்குத் தள்ளினோம். வயலிலிருந்து ஒருவர் கத்தினார்.

"யோவ், எங்க கல்ல ஏன்யா நகத்துற? காலையில திரும்ப வைக்கணும்ல!"

"நானே வந்து வச்சித் தர்றேண்ணே" என்றாள் இவள். அவர் கையை உதறிவிட்டு வேலையைப் பார்க்கக் குனிந்தார்.

உங்களுக்கு இந்தப் பழக்கம் தெரியுமோ என்னவோ. எங்கள் பக்கம் களத்தைவிட ரோடுதான் வசதி. செடியைப் பரப்பிவிட்டால் போகிற பஸ்ஸும் லாரியுமே அடித்துக் கொடுத்துவிடும். அப்புறம் உளுந்தை அங்கேயே காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வைப்பார்கள்.

மனைவியின் தம்பி சேகருக்கு இது ஆகவே ஆகாது. சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கும் அவனுக்கும் சிதம்பரத்தில் ஒரே ஜவுளிக்கடையில் வேலை, போக வர ஒரே பைக். நான் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிற ரகம். என் முழங்கைக்கு அவ்வளவு பாதுகாப்பு! அவன் விடமாட்டான். பின்னால் ஏறியதும் கையை நீட்டி, என் தாடைக்குக் கீழே பட்டியை இழுத்துப் பார்ப்பான்.

"மாட்டலன்னா சொல்லு மாமா, நான் பஸ்ல போறேன்."

செடிமேல் வண்டி ஏறினால் நான் பதறிப்போவேன். "பிரேக்க தொடாத மாமா, வழுக்கிடும். ஆக்சிலேட்டர உட்டுட்டு ஹேண்டில நேரா புடி" என்பான். எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒருநாளும் நாங்கள் விழுந்ததில்லை.

அவனுடைய அப்பா, என் மாமனார், வீட்டு வாசலுக்கு நேரே ரோட்டில்தான் உளுந்து காயவைப்பார். "ஒளுந்த மட்டும் ஞாபகமா அள்ளிக்கிற, கல்ல எவன் அள்ளுவான்?" என்று சேகர் சத்தம் போடுவான். "நம்மூரு ஆளுங்களுக்குத் தெரியாதாடா?" என்பார் அவர். இவனே ஒரு வருஷம் அந்தக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவைத்தான். ஐப்பசி மழையில் அது கரைந்துபோனது.

கடைக்குச் சரக்கெடுக்க நான் கடலூர் போயிருந்த அன்று அவன் பைக்கில் தனியாகத் திரும்பினான். பொழுது சாய்ந்த நேரம். எதிரே வந்த லாரிக்காரன் லைட்டை டிம் செய்யவில்லையாம். கண் கூசி இடதுபக்கம் ஒதுங்கியவன் வீட்டு வாசலிலேயே கல்லில் ஏறி விழுந்தான். ஹெல்மெட் போட்ட தலையில் ஒரு கீறல் இல்லை. நெஞ்சுதான் அடுத்த கல்லில் மோதியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

தெருவே கூடி, "அது ஒங்க கல்லு இல்லண்ணே, வேற எவனோ போட்டது" என்று மாமனாரிடம் சொன்னது. பாவம், அவருக்காகத்தான் அப்படிச் சொன்னார்கள்.

"நான் பொறுக்கியாந்த கல்லு எனக்குத் தெரியாதா?" என்றார்.

அதற்கப்புறம் அவர் உளுந்தே விதைக்கவில்லை. இப்போது அவரும் இல்லை. அந்த வாசலில் ரோடு வெறிச்சென்று கிடக்கிறது. கிளம்பும்போது பட்டியை நானே மாட்டிக்கொள்கிறேன். மாட்டிவிட்டு ஒரு நிமிஷம் வண்டியை எடுக்காமல் நிற்பேன். இழுத்துப் பார்க்கப் பின்னாலிருந்து கை வராது.