ஞானமுத்து பாஸ் பண்ணாத பேருந்துகள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பார்ப்பவர் ஞானமுத்து. தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து ஒரு தடவு தடவினால் போதும், அந்த ஆடு எந்த முள்வேலியில் முதுகு சொறிந்தது, எங்கே உண்ணி கடித்தது என்று ஜாதகம் சொல்லிவிடுவார். ஒரு தடவை, ஆடு கடைசியாக யார்மேல் கோபப்பட்டது என்பதையும் சொன்னார். அணைக்கட்டு கிராமத்திலிருந்து ஆட்டுக்காரரே வந்து, "ஆமாங்க, என் மேலதான்" என்று ஒப்புக்கொண்டு போனார். நம்பாதவர்கள் அணைக்கட்டுக்குப் போய் விசாரிக்கலாம்.

கீறல் கண்ட இடத்தில் வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவார். வட்டம் விழுந்தால் ரிஜெக்ட். அவர் சாப்பிட உட்காரும்போது பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் மனைவி சாரா தோசை பரிமாறுவாள்.

எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கும் அவர்தான் தலைவர். போன வருஷம் கிறிஸ்துமஸ் கீதப் போட்டியில் அரக்கோணத்துக்காரர்கள் கோப்பையைத் தட்டிப் போனார்கள். அவர்கள் தலைவன் எலியாஸ் அந்தக் கோப்பையில் பாயசம் ஊற்றிக் குடித்து, வீடியோவும் அனுப்பினான். அன்று முதல் ஞானமுத்து பாயசத்தைத் தொடுவதில்லை.

இந்த வருஷம் போட்டிக்கு இணையத்தில் பதிய வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணியோடு சரி, அப்புறம் வாசல் மூடிவிடும். அன்று நான்கு மணிக்கு, சபை ஹாலில் பாட்டுப் பயிற்சிக்கு வந்த எங்கள் எல்லார் பெயரையும் தன் போனில் அடித்து முடித்தார் ஞானமுத்து. கடைசியில் ஒரே ஒரு கேள்வி: நீங்கள் மனிதர்தானா? பேருந்து உள்ள கட்டங்களைத் தொடுங்கள்.

தொட்டார். மறுபடி பேருந்து கேட்டது. மறுபடி தொட்டார். சிக்னல் விளக்கு கேட்டது. பிறகு படிக்கட்டு. பிறகு மறுபடியும் பேருந்து.

"இன்னாண்ணே, இன்னுமா உங்கள மனுஷன்னு ஒத்துக்கல?" என்றாள் ரெனிட்டா. ஆஸ்பத்திரி நர்ஸ், எங்கள் குழுவில் உச்சக்குரல் அவளுடையது.

"கேட்டதையே கேக்குதும்மா. ஒரே பேஜார்."

ரெனிட்டா சிகிச்சையில் இறங்கினாள். அத்தனை பேர் போனும் ஒரே வைஃபையில் தொங்கினால் சந்தேகம் வரத்தான் செய்யும் என்று வைஃபையைத் துண்டித்தாள். போனை அணைத்து எழுப்பினாள். குக்கீகளை அழித்தாள். பிரவுசரை மாற்றினாள், எங்கள் பெயர்களையெல்லாம் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் பேருந்துதான்.

"போன வாரம் பாஸ்டர், மிஷின் மாதிரி பாடாதீங்கன்னாரே. இந்த போன் காதுல விழுந்திருக்கும்ணே," என்றான் டிரம்ஸ் அடிக்கும் அபினேஷ்.

"உன்னாலதாண்டா அவர் சொன்னாரு!" என்றார் ஞானமுத்து.

ஐந்தடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். ஞானமுத்து போனை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்தார். கட்டைவிரலால் தடவினார். பையிலிருந்து வெள்ளிப் பேனாவை எடுத்து, கண்ணாடித் திரையிலேயே ஒரு வட்டம் போட்டார்.

ரெனிட்டா பாய்ந்துபோய் எட்டிப் பார்த்தாள். "அண்ணே! அஞ்சு கட்டத்துல பஸ் இருக்குது. நீங்க ஒண்ணத்தான் தொட்டிருக்கீங்க!"

"நல்லாப் பாரும்மா. இதுல சக்கரம் பாதிதான் இருக்குது. இது பெயின்ட் உரிஞ்சது. இது சைடுல நசுங்கினது. இதுக்குப் பின்பக்கமே இல்ல. இந்த ஒண்ணுதான் ஏ கிரேடு."

"இது எக்ஸ்போர்ட் ஆர்டர் இல்லண்ணே! பஸ்ஸுன்னா பஸ்ஸு!"

"செகண்ட்ஸ் சரக்க என் கையால பாஸ் பண்ணமாட்டேன்."

ஹாலில் ஒரே கூச்சல். ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்த சாரா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். நேராக வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க இப்படி. பொண்ணு பாக்க வந்தப்போ உங்களுக்கு ஒரு காது பெருசு, ஒரு காது சிறுசு. தலைல முடி கம்மி, வாய் ஜாஸ்தி. நான் வட்டம் போட்டேனா? மாப்பிள்ளைன்னு பாஸ் பண்ணலையா?"

"அது வேற, சாரா..."

"இன்னா வேற? உங்களையே பாஸ் பண்ணவளுக்கு இந்த பஸ்ஸு எம்மாத்திரம்?"

ஞானமுத்து ஹால் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு, பெற்ற பிள்ளையைத் தாரைவார்ப்பதுபோல் போனை நீட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சாரா பேருந்து மாதிரி இருந்த எல்லாவற்றையும் மாவு பிசைகிற வேகத்தில் அமுக்கினாள். திரையில் பச்சை டிக் பூத்தது. 'பதிவு முடிந்தது' என்று எழுத்து வந்தபோது அபினேஷ் டிரம்ஸை அடித்த அடியில் கணியம்பாடி வரை மாடுகள் மிரண்டதாகக் கேள்வி.

எல்லாரும் டீயை ஊற்றிக்கொண்டிருக்க, ஞானமுத்து மட்டும் மெதுவாகச் சாராவிடம் போனார்.

"சாரா, ஓரத்துல நீ ஒண்ண அமுக்கினியே, அது வேன்."

"கண்ண மூடிக்கினுதானே இருந்தீங்க?"

"ஒரு கண்ணத்தான். அந்த வேன் மனசுக்குள்ள உறுத்துது. உள்ள போய் அத மட்டும் திருத்திட்டு வந்துட்றேனே."

ரெனிட்டா போனைப் பறித்து, மேசைமேல் இருந்த காணிக்கைப் பைக்குள் போட்டாள். அதில் விழுந்ததைத் திருப்பி எடுக்கும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது.