எதிரே ஆள் வந்தால்

இந்த ஊரில் எதிரே கார் வந்தால், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். வந்த புதிதில், ஓரமாகப் போ என்று விரட்டுகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். அது வணக்கம் என்று தெரிய ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் எத்தனை தடவை சாலையோரப் பள்ளத்தில் இறங்கி நின்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அயர்லாந்தின் மேற்குக் கடைசியில், ஐரிஷ் மொழியை இன்னும் வீட்டில் பேசுகிற கிராமம் இது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள் இப்படி ஓர் ஊரில் சில வாரம் தங்கி அந்த மொழியைப் பேசிப் பழக வேண்டும். நர்ஸாக வேலை பார்க்கும் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் டப்ளினில் விட்டுவிட்டு வந்திருந்தேன். முடிவில் வாய்மொழித் தேர்வு. அதில் தேறாவிட்டால் டீச்சர் வேலை என்ற பேச்சே கிடையாது. தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வராத கடிதத்துக்கு வருடக்கணக்காகக் காத்திருந்தவள் நான். இதுவும் கைநழுவினால் வேறு வழி இல்லை.

ஒரு காலை எங்கள் மொழி வகுப்பு நடக்கும் பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பள்ளம் ஓடும் குறுகலான பாதை, போரீன் என்பார்கள். எதிரே அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் நாயோடு வந்தார். என் கால் தானாக இறங்கிற்று. முந்தின நாள் மழையில் பள்ளம் நிறைந்திருந்தது. முழங்கால் வரை சேறு. நாய்க்குப் பயந்துவிட்டேன் என்று நினைத்து அவர் பதறிப்போய், நாயை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கப் பள்ளத்தில் இறங்கினார். ஆளுக்கொரு பள்ளத்தில் நாங்கள் நிற்க, நடுவில் பாதை காலியாகக் கிடந்தது.

“கடிக்காது, நல்ல நாய்,” என்றார் ஐரிஷில்.

“நாய் இல்லை. நீங்கள்,” என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. மறுநாளிலிருந்து வேறு வழியாக நாயைக் கூட்டிப்போனார். விளக்கிச் சொல்ல ஐரிஷ் போதவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல.

நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர். கீழத்தெருக்காரர்கள் நாங்கள், மிராசுதார் வயலில் நடவும் அறுப்பும்தான் பிழைப்பு. வரப்பில் அந்த வீட்டு ஆள் எதிரே வந்தால், அது பால்குடி மறக்காத பிள்ளையாக இருந்தாலும், நாங்கள் சேற்றில் இறங்கி வழி விட வேண்டும். யாரும் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. நடக்கப் பழகும்போதே பழகியது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுத் தெருவே கொடி பிடித்த காலத்தில், இளவட்டமாக இருந்த அப்பா ஒரு நாள் இறங்காமல் நின்றாராம். அந்த அறுப்புக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கும் வேலை இல்லை. அப்பாவால்தான் என்று தெருவே ஏசியிருக்கிறது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் முன்னால் இறங்குகிறவராக அவர் ஆகிவிட்டார்.

தமிழை வாழவைக்க வந்தவர்களின் ஆட்சி அப்போது. தாலுகா ஆபீஸ் மாடியில் ‘தமிழ் வாழ்க’ என்று விளக்கு எரியும். அதன் கீழே மனைப்பட்டா கேட்டு அப்பா கைகட்டி நிற்பார். உள்ளே இருப்பவர் அதே தமிழில் “தள்ளி நில்லுடா” என்பார். மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் கான்வென்ட்டுக்குப் போனார்கள். தமிழை வாழவைக்கிற வேலை எங்கள் தலையில் விழுந்தது. இங்கேயும் அதே கூத்துதான். டப்ளினில் ஊர்ப்பலகை எல்லாம் ஐரிஷ் மேலே, ஆங்கிலம் கீழே. கடைக்குள் நுழைந்தால் ஆங்கிலம் மட்டும். “பிள்ளைகளுக்கு இது எதற்கு, கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுங்கள்,” என்று நான் பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒரு தாய் என்னிடமே சொன்னாள். ஒரு காலத்தில் பேசியதற்காகப் பள்ளியில் பிள்ளைகள் அடி வாங்கிய மொழி இது. எனக்கு இதன் மேல் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்லத் தெரியாது. இந்த மொழியில் என்னை யாரும் தள்ளி நிற்கச் சொன்னதில்லை.

தேர்வுக்கு எங்கள் ஊரைப் பற்றி ஆறு, கோயில், பொங்கல் என்று உருப்போட்டு வைத்திருந்தேன். தேர்வாளர் அம்மாள், “சின்ன வயதில் பள்ளிக்கு எப்படிப் போவீர்கள்?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நடந்து, என்றேன். வரப்பில். அப்புறம் வாய் நிற்கவில்லை. சேற்றில் இறங்கியதை, நனைந்த பாவாடையோடு வகுப்பில் கடைசியில் உட்கார்ந்ததை, எல்லாவற்றையும் தப்பும் தவறுமான ஐரிஷில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தமிழில் இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. டப்ளின் தமிழர் கூட்டங்களிலும் சொன்னதில்லை. தமிழில் சொன்னால் அடுத்த கேள்வி, எந்தத் தெரு என்பதாக இருக்கும். தாய்மொழி என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அதில் அழுவதற்குக்கூட எனக்கு இடம் இருக்கவில்லை. தேறிவிட்டேன்.

முடிவு வந்த கையோடு ஊருக்குப் போனேன். இப்போது அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மிராசுதார் குடும்பம் விற்றுவிட்டுப் போனதில் வாங்கியது. மிச்சம் கிடப்பதைப் பார்க்க அந்த வீட்டு மகன் சென்னையிலிருந்து வந்திருந்தார். எனக்கு ஒரு வயது சின்னவர். எங்கள் வரப்பில், எங்கள் நடவுக்கு நடுவே, எதிரே வந்தார். முன்னால் போன அப்பா, சொந்தப் பயிரை மிதித்துக்கொண்டு இறங்கினார். நான் நின்றேன்.

“எறங்கும்மா,” என்றார் அப்பா, மெதுவாக.

“எப்ப வந்தே? டீச்சராமே இப்ப?” என்றார் வந்தவர்.

“ஆமாங்க. நீங்க எப்ப வந்தீங்க?” என்றேன். நகரவில்லை.

அவர் சிரித்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி, என்னைச் சுற்றிப் போனார். கோபம் எதுவும் இல்லை. அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

வீட்டு வாசலில் கால் கழுவும்போது அப்பா நிமிராமலே சொன்னார்: “நீ போயிருவே. நாந்தானே இங்க நடக்கணும்.”

இப்போது அதே மேற்குக் கடைசியில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஐரிஷ் சொல்லித் தருகிறேன். போரீனில் எதிரே யார் வந்தாலும் இறங்குவதில்லை. நின்று, ஒரு விரலைத் தூக்குகிறேன். நான் நிற்கிற ஒவ்வொரு தடவையும் ஊரில் அப்பா சேற்றில் இறங்குகிறார்.